பேட்மேனுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது

அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளரான டிசி நிறுவனம், பேட்மேன் வேறு நாயகர்களோடு சேரும் பழைய இதழ்க் கதைகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட ‘ஷோகேஸ் பிரசன்ட்ஸ்: தி பிரேவ் அண்ட் தி போல்ட் – பேட்மேன் டீம்-அப்ஸ்’ முதல் தொகுதியைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. 21 கதைகளில் ஏழெட்டு உங்களைக் கட்டிப்போட்டிருக்கின்றன. சிலவற்றைப் பாதியிலேயே மூடிவைத்திருக்கிறீர்கள். நாயகன் ஒருவர், இதழ் ஒன்று, அநேகமாக எல்லாக் கதைகளையும் எழுதியவரும் ஒருவர் என்றிருக்கும்போது இத்தனை ஏற்ற இறக்கம் எப்படி வந்தது என்றும், அடுத்த இரண்டு தொகுதிகளைத் தேடி வாங்கலாமா என்றும் கேட்கிறீர்கள். ஓவியர்கள் மாறிக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதி உண்மை. அந்தந்த இதழில் பேட்மேனுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தினார்கள் என்பதில் மீதிப் பாதி இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் இந்த இதழின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955இல் ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ தொடங்கியபோது அதில் முகமூடி நாயகர் எவரும் இல்லை. வைக்கிங் இளவரசன், குதிரை வீரன், ரோமானிய வாள்வீரன் ஆகியோரின் சரித்திர சாகசக் கதைகளே வந்தன. பிறகு அது புதிய பாத்திரங்களை வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கும் இதழாக மாறியது. 1960இல் வந்த 28ஆம் இதழில்தான் நாயகர்கள் பலரின் கூட்டமான ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா பிறந்தது. 1963இல் 50ஆம் இதழிலிருந்து இரண்டு நாயகர்களைச் சேர்த்துவைக்கும் கூட்டணிக் கதைகள் ஆரம்பமாயின. அப்போது யாரோடு யாரை வேண்டுமானாலும் சேர்த்தார்கள். 1965இல் 59ஆம் இதழில் பேட்மேனும் மாய மோதிரக்காரரான கிரீன் லான்டர்னும் சேர்ந்தார்கள். 1966 ஜனவரியில் ஆடம் வெஸ்ட் நடித்த பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் அமெரிக்காவைப் பித்துப்பிடிக்க வைத்ததும், அட்டையில் பேட்மேன் இருந்தால் இதழ் விற்கும் என்பது பதிப்பாளர்களுக்குப் புரிந்துவிட்டது. 74ஆம் இதழிலிருந்து, 1983இல் 200ஆம் இதழோடு நிற்கும் வரை, பேட்மேனே நிரந்தர நாயகர். மற்றவர் எவராயினும் கௌரவ வேடம்தான்.

நீங்கள் வாங்கிய தொகுதி 59, 64, 67 முதல் 71 வரை, பிறகு 74 முதல் 87 வரையிலான இதழ்களைக் கொண்டது. அதாவது, தொலைக்காட்சிக் கோமாளித்தனம் உச்சத்தில் இருந்த 1966க்கும், அந்த மோகம் வடிந்து பேட்மேன் மறுபடியும் இருட்டுக்குத் திரும்பிய 1969க்கும் நடுவிலுள்ள பாலத்தை இது அப்படியே படம்பிடித்து வைத்திருக்கிறது. ஒரே அட்டைகளுக்குள் இரண்டு வேறு யுகங்கள் இருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் ஏமாற்றத்தில் ஒரு பகுதி அப்போதே குறைந்துவிடும்.

இனி கூட்டணிக் கதையின் இலக்கணத்துக்கு வருவோம். இருபத்து நான்கு பக்கங்களுக்குள் ஒரு ஆபத்து முளைக்க வேண்டும். பேட்மேன் அதில் இறங்க வேண்டும். வேறு ஊரிலோ வேறு கிரகத்திலோ வேறு காலத்திலோ இருக்கும் இன்னொருவர் ஏதோ ஒரு சாக்கில் அங்கே வந்து சேர வேண்டும். வந்தவர் யார், அவரால் என்ன முடியும் என்பதைப் புது வாசகனுக்கு நான்கு கட்டங்களில் சொல்லிவிட வேண்டும். இருவரில் எவர் இல்லாவிட்டாலும் வெற்றி கிடைத்திருக்காது என்று தோன்றும்படி முடிக்கவும் வேண்டும். அடுத்த இதழில் வேறொரு விருந்தாளியோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதையே வாடிக்கையான வேலையாகச் செய்வது என்றால் என்னவென்று இந்தத் தொகுதியைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்த வேலையைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் செய்தவர் பாப் ஹேனி.

பேட்மேனுக்கு எந்த அமானுஷ்ய சக்தியும் கிடையாது. அவருக்குப் பக்கத்தில் ஒளியின் வேகத்தில் ஓடக்கூடிய ஒருவரையோ, நினைத்ததையெல்லாம் மோதிரத்தால் உருவாக்கிவிடும் ஒருவரையோ நிறுத்தினால், மூன்றாம் பக்கத்திலேயே கதை முடிந்துவிடும். பேட்மேன் கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஆகவே எழுத்தாளர் ஒன்று விருந்தாளியை முடமாக்க வேண்டும், அல்லது பேட்மேனை ஊதிப் பெரிதாக்க வேண்டும். ஹேனி இரண்டையும் செய்தார். ஃப்ளாஷோடு சேரும் 67ஆம் இதழில், வேகமே அவருடைய உடலைத் தின்று கொன்றுகொண்டிருக்கிறது என்று ஒரு நோயை வைத்தார். ஓட ஓடச் சாவு நெருங்குகிறது என்பதால் ஃப்ளாஷ் தயங்குகிறார், அந்தத் தயக்கத்தில் பேட்மேனுக்கு இடம் கிடைக்கிறது. யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நோய் இந்த இருபத்து நான்கு பக்கங்களுக்காகவே தைத்த சட்டை என்பது படிக்கும்போதே தெரிந்துவிடுகிறது. அடுத்த இதழில் மெட்டமார்ஃபோ விருந்தாளி. தன் உடலை எந்தத் தனிமமாகவும் மாற்றிக்கொள்ளும் அவருக்கு ஈடுகொடுக்க, பேட்மேனின் பழைய எதிரிகளான ஜோக்கரும் பென்குவினும் ரிட்லரும் பேட்மேனை ஒரு ராட்சதனாக மாற்றிவிடுகிறார்கள். அந்த உருவத்துக்கு ‘பேட்-ஹல்க்’ என்றே பெயர். தொலைக்காட்சித் தொடரின் சாயல் ஒவ்வொரு கட்டத்திலும் ஒட்டியிருக்கிறது. பத்து வயதில் படித்தால் சிரித்துப் புரண்டிருக்கலாம். நீங்கள் பாதியில் மூடிய கதைகளில் இது ஒன்று என்று ஊகிக்கிறேன், நானும் மூடியவன்தான்.

கிரீன் லான்டர்ன், ஹாக்மேன் ஆகியோர் வரும் 69, 70ஆம் இதழ்களும் இதே வகையில் விழுபவை. இரண்டு முகமூடிக்காரர்கள், ஒரு வில்லன், நடுவில் ஒரு சிறு பிணக்கு, பிறகு கைகுலுக்கல். விருந்தாளியின் பெயரை மாற்றிப் போட்டாலும் கதை நடந்துவிடும். இப்படிப்பட்ட கதைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 79ஆம் இதழில் டெட்மேன் வருகிறார். அவர் பெயர் போஸ்டன் பிராண்ட். சர்க்கஸில் அந்தரத்தில் ஊஞ்சலாடியவர். சுட்டுக் கொல்லப்பட்டு, தன்னைக் கொன்ற கொக்கிக் கையனைத் தேடி அலையும் ஆவி. அவரை யாரும் பார்க்க முடியாது. ஆனால் உயிரோடிருக்கும் எவருடைய உடலிலும் அவரால் புகுந்துகொள்ள முடியும். பேட்மேன் ஒரு துப்பறிவாளர். டெட்மேனோ தீராத ஒரு கொலை வழக்கு. இருவரும் சந்திப்பதற்குச் சாக்கு எதையும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. வாதியே வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். அதே டெட்மேன் 86ஆம் இதழில் திரும்ப வரும்போது, பிறரின் பிடியில் சிக்கிப் பேட்மேனையே கொல்ல முயல்கிறார். தெருவில் போகும் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பேட்மேன் மேல் பாய்கிறார்கள். ஒருவரை வீழ்த்தினால் ஆவி அடுத்த உடலுக்குத் தாவிவிடுகிறது. அடிக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த உடலின் சொந்தக்காரர் ஒரு பாவமும் அறியாதவர். பேட்மேனிடம் எதிரி என்று கைநீட்ட ஒருவரும் இல்லாமல் போகிறார். விருந்தாளியின் இயல்பிலிருந்தே ஆபத்து பிறக்கும்போது கூட்டணிக் கதை எவ்வளவு இறுக்கமாக முடியும் என்பதற்கு இந்தத் தொகுதியில் இதைவிட நல்ல சான்று இல்லை.

சார்ஜென்ட் ராக் வரும் 84ஆம் இதழும் அப்படித்தான். ராக் இரண்டாம் உலகப் போர்க் கதைகளின் காலாட்படை வீரர்; சக்தி ஒன்றும் கிடையாது, பிடிவாதம் மட்டும் உண்டு. 1944இல், நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்குவதற்குச் சற்று முன், புரூஸ் வெய்ன் (பேட்மேனின் நிஜப் பெயர்) ஐரோப்பாவில் அவரைச் சந்திப்பதாகக் கதை. கணக்குப் போட்டுப் பார்த்தால் 1969இல் பேட்மேனுக்கு ஐம்பது வயதை ஒட்டியிருக்க வேண்டும். வேறெந்தப் பேட்மேன் இதழிலும் அப்படி இல்லை. ஹேனி அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

இந்தக் கவலையின்மையைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் தொகுதியின் நல்லதும் கெட்டதும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. டிசியின் கதையுலகில் அன்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. 1961இல் ஃப்ளாஷ் இதழில் நிறுவப்பட்டபடி, 1940களின் நாயகர்கள் ‘எர்த்-டூ’ என்னும் இன்னொரு பூமியில் வாழ்கிறார்கள். இந்தப் பூமிக்காரர் அங்கே போக வேண்டுமானால் அதற்கென்று ஒரு விளக்கம் வேண்டும். வைல்ட்கேட் என்ற பழைய குத்துச்சண்டை நாயகர் அந்த இன்னொரு பூமியைச் சேர்ந்தவர். ஹேனியின் கதையிலோ அவர் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் சாதாரணமாக வந்து பேட்மேனோடு சேர்ந்துகொள்கிறார். இப்படிப் பிசகுகள் பெருகியதால், இந்தக் கதைகளுக்கென்றே ‘எர்த்-பி’ என்றொரு பூமி இருக்கிறது என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். பிரேவ், போல்ட், பாப் ஹேனி, பதிப்பாசிரியர் போல்டினாஃப் எல்லாமே ஆங்கிலத்தில் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன.

ஹேனி அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றி ஒக்கினாவாப் போரைக் கண்டவர், மெட்டமார்ஃபோவையும் டீன் டைட்டன்ஸையும் உருவாக்குவதில் பங்குகொண்டவர், 2004இல் காலமானார். அவரைப் பொறுத்தவரை கையிலிருக்கும் கதைதான் உண்மை. போன இதழின் கதையும் பக்கத்து இதழின் கதையும் வேறு யாருடையதோ. இந்த மனப்பான்மைதான் பேட்மேனை 1944க்கு அனுப்பியது, புரூஸ் வெய்னை அமெரிக்க செனட்டர் ஆக்கியது. அதே மனப்பான்மைதான் பேட்-ஹல்க்கையும் தந்தது. ஒழுங்கான எழுத்தாளராக இருந்திருந்தால் மோசமான கதைகள் குறைந்திருக்கும் என்பது நிச்சயம். ஆனால் நீங்கள் ரசித்த ஏழெட்டுக் கதைகளும் கூடவே போயிருக்கும்.

செனட்டர் என்றேன் அல்லவா, அது 85ஆம் இதழ். குற்றத் தடுப்புச் சட்டம் ஒன்று வாக்கெடுப்புக்கு வரவிருக்கும் வேளையில் ஒரு செனட்டர் சுடப்படுகிறார். அவருடைய இடத்தில் புரூஸ் வெய்ன் நியமிக்கப்படுகிறார். செனட்டராக வாக்களிப்பதா, பேட்மேனாகக் குற்றவாளிகளைத் துரத்துவதா என்று அவருக்கு ஒரு குழப்பம். அதேபோல் கோடீஸ்வரர் ஆலிவர் குவீனுக்கும் தன் கிரீன் ஆரோ வேடத்தைப் பற்றி ஒரு குழப்பம். 71ஆம் இதழில் இதே கிரீன் ஆரோ வந்திருந்தார். பேட்மேனின் நகல் போல, பேட்-கயிற்றுக்குப் பதில் அம்பு வைத்திருப்பவர் என்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லாதவராக. இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். 85ஆம் இதழில் ஓவியர் நீல் ஆடம்ஸ் அவருக்குப் புது உடையும் கூரான ஒரு தாடியும் கொடுத்தார். அந்தத் தாடியோடுதான் கிரீன் ஆரோ 1970இல் கிரீன் லான்டர்னோடு சேர்ந்து அமெரிக்காவின் வறுமையையும் நிறவெறியையும் பேசும் கதைகளுக்குள் நுழைந்தார். முகத்தில் ஒரு குணம் தெரியத் தொடங்கியதும் எழுத்திலும் ஒரு குணம் வந்துவிட்டது.

ஓவியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஷோகேஸ் வரிசை 2005இல் தொடங்கியது. போட்டி நிறுவனமான மார்வெல் 1996 முதல் வெளியிட்டுவந்த எசென்ஷியல் வரிசையைப் போலவே, ஐந்நூறு பக்கங்களுக்கு மேல், சாணித்தாள், கறுப்பு வெள்ளை, மலிவு விலை என்பது அதன் கணக்கு. வண்ணத்துக்காக வரையப்பட்ட பக்கத்திலிருந்து வண்ணத்தை உருவிவிட்டால் என்ன மிஞ்சும் என்பது ஓவியருக்கு ஓவியர் மாறும். கார்மைன் இன்ஃபான்டினோவும் மைக் செகோவ்ஸ்கியும் நிரப்பாமல் விட்ட இடங்களில் நிறம் வந்து உட்காரும் என்ற நம்பிக்கையில் கோடு இழுத்தவர்கள்; கறுப்பு வெள்ளையில் அவர்களுடைய பக்கங்கள் வெள்ளையடித்துப் பொருள் ஏற்றாத வீடு போல நிற்கின்றன. ஆடம்ஸின் பக்கங்களோ நிறம் போனதும் இன்னும் கூர்மையாகின்றன, ஏனென்றால் அவர் நிழலையும் வெளிச்சத்தையும் மையிலேயே முடித்துவிடுபவர். சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸ்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு இந்த வேறுபாட்டைக் கண் உடனே பிடித்துவிடும். எந்த ஓவியர் கறுப்பைக் கையாளத் தெரிந்தவர் என்பதை நாம் சிறு வயதிலேயே பழகிவிட்டோம்.

ஆடம்ஸ் இந்த இதழுக்கு வந்த கதையே சுவையானது. பேட்மேன் இதழ்களைக் கவனித்த பதிப்பாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸிடம் பேட்மேனை வரைய வாய்ப்புக் கேட்டு, கிடைக்காமல் போய், மர்ரே போல்டினாஃபிடம் வந்து சேர்ந்ததாக அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஹேனி பட்டப்பகலில் நடப்பதாக எழுதிய காட்சிகளை அவர் இரவுக்கு மாற்றினார். வாசல் வழியே நடந்து வரும் பேட்மேனைச் சன்னல் வழியே வரவைத்தார். வசனம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. 79 முதல் 86 வரையிலான எட்டு இதழ்களில் நீங்கள் உணர்ந்த மாற்றம் அதுதான். ஒரே எழுத்தாளரின் கதை, பகலிலிருந்து இரவுக்கு நகர்ந்ததாலேயே வேறொன்றாகிவிட்டது.

ஆனாலும் ஓவியம் மட்டுமே எல்லாம் என்று நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணமும் இந்த எட்டு இதழ்களிலேயே இருக்கிறது. 81ஆம் இதழையும் ஆடம்ஸ்தான் வரைந்தார். எதுவும் காயப்படுத்த முடியாத போர்க் என்பவன் பேட்மேனின் ஊரான கோதம் நகரைப் பிடித்து ஆட்டுகிறான். விருந்தாளி மறுபடியும் ஃப்ளாஷ். ஹேனி என்ன செய்கிறார் தெரியுமா? போர்க்கின் பலத்துக்குக் காரணத்தைத் தேடி ஃப்ளாஷை ஊரைவிட்டே அனுப்பிவிடுகிறார். பேட்மேன் கோதமில் தனியாகச் சமாளிக்கிறார். பக்கங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கின்றன. ஆனால் இருவரும் சேரவேண்டிய கதையில் இருவரும் சேரவே இல்லை. ஆடம்ஸின் தூரிகையாலும் தீர்க்க முடியாத சிக்கல் அது.

சில கதைகள் பழசானதாலேயே கசக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டாம். 78ஆம் இதழில் வொண்டர் வுமனும் பேட்கேர்ளும் ஒரு திருடனை வலையில் வீழ்த்துவதற்காகப் பேட்மேனைக் காதலிப்பதுபோல் நடிக்கத் தொடங்கி, பிறகு மெய்யாகவே அவருக்காகச் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். அமேசான் இளவரசி ஒருத்தியை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததை 1968இன் நகைச்சுவை என்று சொல்லிக் கடந்துவிடலாம், ரசிக்க முடியாது. 75ஆம் இதழில் ஸ்பெக்டரோடு சேர்ந்து கோதமின் சைனாடவுனில் நடக்கும் கதையிலும், சீனர்கள் என்றாலே மாயமும் சூழ்ச்சியும் என்ற அந்தக் காலத்துத் தேய்ந்த அச்சு அப்படியே இருக்கிறது. ஸ்பெக்டர் போன்ற ஒரு பாத்திரத்தை, செத்துப்போன காவலரின் ஆவியை, வைத்துக்கொண்டு செய்திருக்கக்கூடியதை நினைத்தால் அது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று தெரியவில்லை. நான் முதல் தடவை இந்தத் தொகுதியை ஒரு வார இறுதியில் ஒரே மூச்சாகப் படித்தேன், அது தவறு. இவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்த இதழ்கள். அன்றைய சிறுவன் ஒன்றைப் படித்து முடித்து, மறந்தும் போன பிறகுதான் அடுத்தது கடைக்கு வந்தது. எழுத்தாளருக்கு அது தெரியும். அதனால்தான் ஒவ்வொரு கதையிலும் ‘இவர் யாரென்றால்’ என்ற அறிமுகம் மறுபடியும் மறுபடியும் வருகிறது, முதலில் நம்பிக்கையின்மை, பிறகு மோதல், பிறகு நட்பு என்ற வரிசையும் மாறாமல் வருகிறது. ஐந்நூறு பக்கங்களைத் தொடர்ந்து படிக்கும்போது இந்தச் சட்டகம் எலும்பாகத் துருத்திக்கொண்டு தெரியும். பாயசம் நன்றாக இருக்கிறதென்று பாயசத்தையே மூன்று வேளையும் சாப்பிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது தடவை வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். முன்பு ஒதுக்கிய மெட்டல் மென் கதையும் பிளாஸ்டிக் மேன் கதையும் அப்போது எனக்குப் பிடித்துப்போயின. பேட்-ஹல்க் மட்டும் அப்போதும் பிடிக்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி: அடுத்த தொகுதிகளை வாங்கலாமா? முதல் தொகுதியில் உங்களுக்குப் பிடித்தவை டெட்மேன், சார்ஜென்ட் ராக், தாடி வைத்த கிரீன் ஆரோ என்றால், தயங்காமல் வாங்குங்கள். 88 முதல் 108 வரையிலான இதழ்களைக் கொண்ட இரண்டாம் தொகுதியில் ஏற்ற இறக்கம் குறைவு. ஆடம்ஸ் போய்விட்டார், 93ஆம் இதழுக்குத் திரும்பி வருகிறார். அந்தக் கதையை டென்னி ஓ’நீல் எழுதினார். அதில் பேட்மேனோடு சேர்வது ஒரு நாயகர் அல்ல, ‘ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி’ என்ற திகில் இதழே விருந்தாளி. ஓய்வுக்காகத் தீவு ஒன்றுக்குப் போகும் பேட்மேன் அங்கே பழைய பாவமொன்றில் சிக்கிக்கொள்கிறார். சண்டையை விடக் கடலும் மூடுபனியும்தான் பக்கங்களை நிறைக்கின்றன. நிக் கார்டி வரைந்த சில இதழ்களும் கறுப்பு வெள்ளையில் அழகாக நிற்பவை. பிறகு 1971இல் 98ஆம் இதழில், ஃபாண்டம் ஸ்ட்ரேஞ்சர் என்ற மர்ம நாயகரின் கதையோடு, ஓவியர் ஜிம் அபாரோ வருகிறார். 1972இல் நூறாவது இதழிலிருந்து அவரே நிரந்தர ஓவியர்.

அபாரோ வந்த பிறகு இந்த இதழுக்கு ஒரு முகம் கிடைத்தது. பென்சிலில் வரைவது, அதன் மேல் மை தீட்டுவது, பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்துகளை எழுதுவது என்று மூன்று பேர் செய்யும் வேலையை அவர் ஒருவரே செய்தார். அதனால் விருந்தாளி யாராக இருந்தாலும் பக்கத்தின் தொனி மாறுவதில்லை. ஹேனியின் விபரீதக் கற்பனைகளை அவர் சற்றும் சிரிக்காமல், நடந்தது நடந்தபடி என்ற பாவனையில் வரைந்துவிடுகிறார். நூறாவது இதழையே பாருங்கள்: குண்டடி பட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பேட்மேன், ராபின், கிரீன் லான்டர்ன், கிரீன் ஆரோ, பிளாக் கேனரி ஆகிய நால்வரை வெளியே அனுப்பி வழக்கைத் துலக்குகிறார். பலசாலி விருந்தாளியால் பேட்மேன் வெறுமனே நிற்க நேர்கிறது என்ற பழைய நோயை ஹேனி இங்கே மருந்தாகவே ஆக்கிவிட்டார். உட்கார்ந்திருப்பவர் மூளை, ஓடுபவர்கள் கைகால்கள்.

109 முதல் 134 வரையிலான மூன்றாம் தொகுதியை முழுவதுமாக அபாரோவின் தொகுதி என்றே சொல்லிவிடலாம். அதிலுள்ள 115ஆம் இதழ், 1974இல் வந்தது, ஹேனியை ஒரே கதையில் அறிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு நான் காட்டுவது. கடத்தப்பட்ட ஒரு பெண்ணைத் தேடும்போது பேட்மேன் மின்சாரம் தாக்கி விழுகிறார்; மூளை செத்துவிட்டது, உடல் மட்டும் இயங்குகிறது என்று மருத்துவர்கள் சொல்லிவிடுகிறார்கள். விருந்தாளியாக வருபவர், உடலை அணுவளவுக்குச் சுருக்கிக்கொள்ளக்கூடிய ‘தி ஆட்டம்’. அவர் பேட்மேனின் தலைக்குள் நுழைகிறார். மடிப்பு மடிப்பாக மலைப்பாதை போலக் கிடக்கும் மூளையின் மேல் ஒரு சின்னஞ்சிறு மனிதர் அங்குமிங்கும் ஓடி, இங்கே மிதித்தால் கால் அசையும், அங்கே மிதித்தால் கை உயரும் என்று கண்டுபிடித்து, செத்த உடலை எழுப்பி நடக்கவைத்து வழக்கை முடிக்கப் பார்க்கிறார். மருத்துவம் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் கவனியுங்கள்: ‘தி ஆட்டம்’ தவிர வேறு எவராலும் இந்தக் கதையில் விருந்தாளியாக இருக்க முடியாது; பேட்மேன் தவிர வேறு எவருடைய உடலாக இருந்தாலும் இந்தக் கதைக்கு இந்த வலி கிடையாது. முதல் தொகுதியின் 77ஆம் இதழிலும் இதே ஆட்டம் வந்தார். அங்கே அவர் அளவில் சிறியவர் என்பதைத் தாண்டி நினைவில் நிற்பதில்லை.

இதே போன்ற மார்வெல் தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், 1972இல் தொடங்கி 150 இதழ்கள் வந்த ‘மார்வெல் டீம்-அப்’ இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஸ்பைடர்மேன்தான் நாயகர். அங்கே கதையுலகின் ஒழுங்கு காப்பாற்றப்படுகிறது. யார் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருக்கிறார்கள். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பைர்னும் சேர்ந்து செய்த 1970களின் பிற்பகுதி இதழ்களைத் தவிர்த்தால், அதன் சராசரி ஹேனியின் சராசரியை விடச் சற்று மேலே, உச்சமோ கீழே. இந்த மதிப்பீட்டில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

ஷோகேஸ் தொகுதிகள் இப்போது பழைய புத்தகச் சந்தையில்தான் கிடைக்கும். 74ஆம் இதழ் முதலான கதைகளை 2017இலிருந்து டிசி வண்ணத்திலும் மறுபதிப்பாகத் தொகுத்தது. இன்ஃபான்டினோவின் ஃப்ளாஷ் கதை போன்ற முந்தையவை அதில் வராது என்பதால் உங்களுக்கு இழப்பு பெரிதாக இல்லை. மூன்றாம் தொகுதி கையில் கிடைத்தால் 1976இன் 124ஆம் இதழைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஜிம் அபாரோவே ஒரு பாத்திரமாக வந்து, தன் வரைபலகைக்கு முன் உட்கார்ந்து, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் அதே கதையை வரைந்துகொண்டிருக்கிறார். வில்லன்கள் அவரைத் தேடி வந்து, துப்பாக்கியைக் காட்டி, பேட்மேன் சாவதுபோல் வரையச் சொல்கிறார்கள். விருந்தாளி சார்ஜென்ட் ராக் என்று அட்டை சொல்கிறது. பக்கங்களைப் புரட்டினால் அது அபாரோ என்றுதான் எனக்குப் படுகிறது.